கண் திறந்த ராஜா

அத்தியாயம் 3

திருடியது யார் என்று முதலிலேயே தெரிந்துவிட்ட வழக்கைப் போல எரிச்சல் பிடித்த வழக்கு வேறு கிடையாது. நாங்கள் அந்த வீட்டுக்குள் கால் வைத்ததிலிருந்து ஜெபிதா ஒரே பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அன்னக்கிளி. வீட்டு வேலை செய்தவள். பெயரையும் அவரே சொல்லிவிட்டு, கண்டுபிடிக்க எங்களையும் கூப்பிட்டால் நாங்கள் எதற்கு? ரப்பர் ஸ்டாம்பா?

"எனக்கு ஒரு ப்ரூஃப் போதும் சார். நாளைக்குக் காலையில ஸ்டேஷன்ல கம்ப்ளெயிண்ட் குடுக்கப் போறேன்" என்றார் ஜெபிதா. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. லீவு முடிவதற்குள் திருடியைப் பிடித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டிய அவசரம்.

வெள்ளத்துரை அண்ணாச்சி வழக்கம்போலத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு ஆமாம் என்றும் அர்த்தமில்லை, இல்லை என்றும் அர்த்தமில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளைம் விசாரணை செய்தே தலை நரைத்தவர். ரிட்டயர் ஆன பிறகு சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்குப் பின்னால் துப்பறியும் அலுவலகம் திறந்தார். உதவிக்கு நான், பாஜிலா. துப்பறிவது என்றதும் துப்பாக்கி, துரத்தல் என்று கனவு கண்டு சேர்ந்தேன். வந்ததெல்லாம் கல்யாண விசாரணை. மாப்பிள்ளை குடிப்பாரா என்று கேட்டுக் கேட்டு எனக்குத்தான் டீ குடிக்கிற பழக்கம் கூடிப்போனது. அதனால் பிரெஞ்சுப் படம் திருடு போச்சு என்று போன் வந்தபோது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

ஹாலில் பன்னிரண்டு படங்கள் வரிசையாகத் தொங்கின. ஜெபிதாவின் அப்பா பவுல்பாண்டியன் புதுச்சேரிக் கல்லூரியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவர். போன வருஷம் தவறிவிட்டார். படங்கள் அவர் சேர்த்தவை. கல்லில் வரைந்து அதிலிருந்து காகிதத்தில் அச்செடுத்து, கையால் சாயம் பூசியவை. நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் பழசு. பிரான்ஸ் தேசம் என்றதும் நான் கோபுரமும் பூந்தோட்டமும் இருக்கும் என்று நினைத்தேன். இதில் இருந்ததெல்லாம் நாடகக்காரர்கள். ஒரு கதாநாயகன் வாளை ஓங்குகிறான், பாதியில் விக் கழன்று தொங்குகிறது. திரைக்குப் பின்னால் ஒருவன் தகரத்தை உலுக்கி இடி இடிக்கிறான், வாயில் ரொட்டி. தேவதை வேஷக்காரி றெக்கையோடு உட்கார்ந்து கிழிந்த காலுறையைத் தைக்கிறாள்.

பன்னிரண்டாவது படத்தில் ராஜா. ஒப்பனை அறையில் நாற்காலியில் சரிந்து கிடக்கிறார். கிரீடம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. மடியில் கடித்து வைத்த ரொட்டி. பின்னால் திறந்த கதவு, கதவுக்கு அப்பால் இருட்டு. இருட்டுக்குள் மங்கலாக இரண்டு பெண்கள்.

"ராஜாவுக்கு ரெண்டு சம்சாரம் போல. அதான் மனுசன் இங்கன வந்து ஒளிஞ்சிருக்காரு" என்றேன்.

நானே சிரித்துக்கொண்டேன்.

அந்தப் படம்தான் பிரச்சினை. பன்னிரண்டையும் புதுச்சேரியில் ஒரு நூலகத்துக்குக் கொடுக்கும்படி அப்பா சொல்லியிருந்தார். நூலகத்து ஆள் போன வாரம் வந்து சட்டத்தைக் கழற்றிப் பார்த்தார். பதினொன்று அசல். இந்த ராஜா மட்டும் மெஷினில் அடித்த நகல். அசல் எங்கே என்று தெரியவில்லை. அன்றைக்கே அன்னக்கிளியை வேலையை விட்டு நிறுத்திவிட்டார் ஜெபிதா.

"அவதான் தூசி தட்டுவா. வேற யாரு கை வைக்கப் போறா?" என்றார் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்மா. சுந்தரபாய் டீச்சர். வெளுத்த பருத்திச் சேலை, மூக்குக்கண்ணாடி, மடியில் பைபிள். குரல் இன்னும் வகுப்பறையில் இருப்பது மாதிரிதான் இருந்தது. "இத்தனை வருஷம் சோறு போட்டு வச்சிருந்தோம். களவாணி. இருங்க, காப்பி குடிக்கியளா?"

"இப்பத்தான் குடிச்சோம் டீச்சர்" என்றேன். காலி டம்ளர் என் கையில்தான் இருந்தது.

அண்ணாச்சி ராஜாவின் முன்னால் போய் நின்றார். "மேடம், நீங்க சின்ன வயசுலேர்ந்து இந்தப் படத்தப் பாத்திருக்கிய. இந்த ராஜா என்ன செய்தாரு?"

"தூங்குறார் சார். ஒரு சீனுக்கும் அடுத்த சீனுக்கும் நடுவுல அசந்து தூங்குறார். அதான் ஜோக்கே. அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்."

"நல்லாப் பாருங்க."

ஜெபிதா கிட்டே வந்து பார்த்தார். அப்புறம் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ராஜா தூங்கவில்லை. இரண்டு கண்ணையும் அகலத் திறந்து நேராக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வருஷமாக அந்தச் சுவரில் முழித்துக்கொண்டிருந்திருக்கிறார், ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு" என்றார் ஜெபிதா மெதுவாக.

"வருஷக்கணக்கா சுவத்துல தொங்குற படத்த யாரு பாக்கா" என்ற அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நம்ம ஊர்ல தூங்குறவன் கண்ணத் தொறந்து விடுறது யாரு?"

"பொண்டாட்டி."

"அவளுக்கு அடுத்தபடியா?"

 எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் பக்கம் காலையில் ஒருவர் இறந்தால் மத்தியானத்துக்குள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியாக வேண்டும். சில பேருக்கு நல்ல போட்டோவே இருக்காது. தூங்கும்போதோ, மூச்சு நின்ற பிறகோ எடுத்த படத்தைத்தான் கொண்டுவந்து நீட்டுவார்கள். பிளெக்ஸ் கடைக்காரர்கள் அதில் யாருடைய கண்ணையாவது எடுத்து ஒட்டித் திறந்து விடுவார்கள். சொல்லக்கூட வேண்டாம், கை தானாகச் செய்துவிடும். பிரான்ஸ் ராஜாவுக்குக் கண் திறந்தவன் கண்ணீர் அஞ்சலி அடிக்கிறவனாகத்தான் இருக்க வேண்டும்.

கிளம்பும்போது டீச்சர் வாசல் வரை வந்தார். "என்ன, ஒண்ணும் குடிக்காமப் போறிய? காப்பி போடுதேன், இருங்க."

நெல்லைச் சீமை உபசரிப்பு கொஞ்சம் அதிகம்தான் என்று ஸ்கூட்டியை உதைக்கும்போது அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் அதற்கும் தலையைத்தான் ஆட்டினார்.

பேருந்து நிலையத்தைச் சுற்றியிருந்த பிளெக்ஸ் கடைகளில் மூன்றாவது கடையிலேயே ராஜா மாட்டிக்கொண்டார். ஹபீப் முகம்மது கடை. எனக்கு ஸ்கூலில் இரண்டு வகுப்பு இளையவன்.

"ஆமாக்கா, நான்தான் தொறந்தேன்" என்றான் பெருமையாக. "பவுல்பாண்டியன் சார் மவுத்தான அன்னைக்கு ரெண்டு போட்டோ வந்துச்சி. ஒண்ணு சாரு நாற்காலியில தூங்குதது. இன்னொண்ணு இந்த ஆளு. ரெண்டு பேரும் கண்ண மூடியிருந்தாவ. ரெண்டு பேருக்கும் தொறந்து விட்டுட்டேன். சாரு வெள்ளக்காரங்களோட பழகுனவரு, யாரோ வேண்டப்பட்டவர் போலன்னு நெனச்சேன்."

"ஏலே, தலையில கிரீடம் இருக்கேன்னு உனக்குத் தோணலையா?"

"நாங்க வார்டு மெம்பருக்கே கிரீடம் வச்சி அடிக்கோம். இதெல்லாம் ஒரு சந்தேகமாக்கா?"

 அண்ணாச்சி கேட்டார், "படத்த அனுப்புனது யாரு தம்பி?"

ஹபீப் போனை எடுத்துத் தேடி நீட்டினான். வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. பெயருக்குப் பக்கத்தில் சின்ன வட்டத்துக்குள் ஒரு பெண் முகம். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, பெரிய மூக்குத்தி. பெயர் அன்னக்கிளி. நகலை வாங்கிக்கொண்டு போனதும் அவள்தானாம்.

எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. அந்த வீட்டில் ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவளாக இருக்கக் கூடாது என்று நான் உள்ளுக்குள் ஆசைப்பட்டிருக்கிறேன் போல. சாவு விழுந்த வீட்டில், எல்லாரும் அழுதுகொண்டிருக்கும்போது, போட்டோ எடுத்து நகல் அடித்து அசலைத் தூக்கியிருக்கிறாள் என்றால் எப்படிப்பட்ட நெஞ்சு அது.

"முடிஞ்சிது அண்ணாச்சி" என்றேன். "ஜெபிதாம்மாவுக்கு ரப்பர் ஸ்டாம்ப் குத்திரலாம்."

"பொறு. தம்பி, நீ கை வைக்கிறதுக்கு முன்னால வந்த படம் இருக்குல்லா? அதப் பெரிசாக்கு. கண்ண விடு. கதவுப் பக்கம் போ."

ஹபீப் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பெரிதாக்கினான். ஒப்பனை அறையின் இருட்டுக் கதவு திரை முழுக்க விரிந்தது. வெளிச்சத்தைக் கூட்டச் சொன்னார் அண்ணாச்சி. ராஜாவின் இரண்டு சம்சாரங்களும் மெல்லத் தெளிந்தார்கள்.

படத்தில் வரைந்த பெண்கள் இல்லை அவர்கள். சட்டத்தைக் கழற்றாமல் கண்ணாடிக்கு மேலேயே போட்டோ எடுத்ததால், இருட்டாக இருந்த இடத்தில் எதிரே நின்றவர்களின் பிம்பம் விழுந்துவிட்டது. ஹபீப் அதையும் ராஜா வீட்டு ஆட்கள் என்று நினைத்து அப்படியே அடித்துக் கொடுத்திருக்கிறான். நான் மட்டும் என்ன கிழித்தேன், பார்த்துவிட்டுச் சிரித்தவள்தானே.

ஒருத்தி போனை உயர்த்திப் பிடித்திருந்தாள். மூக்குத்தி மினுங்கியது. பக்கத்தில் நின்றவள் ஜன்னல் வெளிச்சம் கண்ணாடியில் அடிக்காமலிருக்க முந்தானையை விரித்துப் பிடித்திருந்தாள். வெளுத்த சேலை. மூக்குக்கண்ணாடி.

"யா அல்லாஹ்" என்றேன். "டீச்சர்."

அண்ணாச்சிக்குச் சந்தோஷம் வரவில்லை. வழக்கு உடைந்தால் அவர் ஒரு கடலை மிட்டாய் வாங்கித் தருவார், அதுதான் எங்கள் அலுவலக போனஸ். அன்றைக்கு அவர் ஒன்றும் வாங்கவில்லை. "அன்னக்கிளி ஊருக்கு, பனவடலிசத்திரத்துக்கு விடு வண்டிய" என்றார்.

அன்னக்கிளி ஒரு பிச்சிப்பூத் தோட்டத்தில் மொட்டு பறித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் இடுப்பில் கட்டியிருந்த துணிப்பையை அவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள். போலீஸ் என்று நினைத்திருப்பாள் போல. அண்ணாச்சி போனில் இருந்த படத்தைக் காட்டினார். வெகு நேரம் பார்த்தாள்.

"இதுல நாங்க விழுந்திருக்கமா" என்றாள் கடைசியில். "தெரியாதே எனக்கு."

"அசல் எங்க?"

"சார்ட்ட."

"எந்த சார்?"

"பவுல்பாண்டியன் சார்ட்டதான். அடக்கம் பண்ண பெட்டிக்குள்ள, தலைக்குக் கீழ. டீச்சர்தான் வச்சாவ." வரப்பில் உட்கார்ந்துகொண்டாள். "மத்தியானம் சாப்ட்டுட்டு சார் நாற்காலியில அப்படித்தான் தூங்குவாரு, மடியில புஸ்தகத்தோட. டீச்சர் என்னப் பாத்து, ராஜா தூங்குதாரு, சத்தம் போடாதம்பாவ. அவரு போன அன்னைக்கு அந்தப் படத்தக் காட்டி, இது அவரு கூடப் போகட்டும், இங்கன ஒரு நகல் மாட்டிருவோம்னாவ. மகளுக்குத் தெரிஞ்சா வையும், அப்பா லைப்ரரிக்குன்னு சொல்லி வச்ச படத்த மண்ணுல போட்டியேன்னு. அதான் ஒளிச்சி மறச்சிச் செஞ்சோம்."

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா உன்ன ஏன் களவாணிங்காவ?" என்று கேட்டேன் நான். கேட்டிருக்கக் கூடாது.

"டீச்சருக்குத்தான் நெனவு இல்லையே" என்றாள்.

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவருக்கு ஆச்சரியமில்லை. மூன்று தடவை காப்பி கேட்டபோதே அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான்தான் உபசரிப்பு என்றேன்.

"ஆறு மாசமா இப்படித்தான். பால அடுப்புல வச்சிட்டு வாசல்ல போய் நிப்பாவ. சார் எப்ப வருவாருன்னு கேப்பாவ. நல்லா இருந்த ஒரு நாள்ல என் கையப் பிடிச்சி, பைபிள் மேல வச்சி சத்தியம் வாங்குனாவ. ஏட்டி, எனக்கு மறதி வருதுன்னு ஜெபிதாட்ட மட்டும் சொல்லிராத, வீட்டப் பூட்டிட்டு பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போயிரும், அவரு படுத்த வீட்டுலதான் நானும் கண்ண மூடணும்னு. படம் எங்கன்னு நான் சொன்னா, நீதானம்மா வச்சன்னு மக கேக்கும். டீச்சர் இல்லம்பாவ. அதோட எல்லாம் தெரிஞ்சிரும்லா."

"உன் பேரு கெட்டுப்போகாதா?" என்றேன்.

"கெட்டாச்சி. மத்த ரெண்டு வீட்டுலயும் வர வேண்டாம்னுட்டாவ. கோவம் இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். நான் சோறு ஊட்டுன வாயி என்னக் களவாணின்னு சொல்லுது. ஆனா அது தெரிஞ்சா சொல்லுது?" முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "டீச்சரோட பிரஷர் மாத்திரய யாரு குடுக்கா இப்ப? மிளகு டப்பாவுக்குள்ள ஒளிச்சி வச்சிருவாவ. ஜெபிதாவுக்குத் தெரியாது. அதையாவது போய்ச் சொல்லுங்க."

"நீயே வந்து சொல்லு" என்றார் அண்ணாச்சி.

வரமாட்டேன் என்றாள். அப்புறம் மாத்திரையை நினைத்தாளோ என்னவோ, முகம் கழுவிவிட்டு வந்து நாங்கள் பிடித்துக் கொடுத்த ஆட்டோவில் ஏறினாள். வழியெல்லாம் எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. ஸ்கூட்டியில் என் பின்னால் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி ஒரே ஒரு தடவை பேசினார். "உண்மையச் சொன்னா ஒரு கிழவிக்கு வீடு போகுது. சொல்லாட்டி இவளுக்குப் பேரு போகுது. இன்சூரன்ஸ்ல இந்தக் கஷ்டம் கிடையாது தங்கச்சி. அங்கன பொய்யி எப்பவும் கிளைம் கேக்குதவன் பக்கந்தான் இருக்கும்."

"என்ன செய்யப் போறிய?"

"தெரியல" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதேயில்லை.

அன்னக்கிளி கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள். உள்ளே வரும்படி யாரும் சொல்லவில்லை என்றாள். ஜெபிதா அவளைப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்தார். "ஒத்துக்கிட்டாளா?"

"இவ எடுக்கல மேடம்" என்றார் அண்ணாச்சி. "அதுக்கு மேல என்ட்ட கேக்காதிய. உங்க பீஸ திருப்பிக் குடுத்துருதேன்."

"எடுக்கலன்னா படம் எங்க? யாரைக் காப்பாத்துறீங்க சார்?"

நியாயமான கேள்விதான்.  ஜெபிதாவின் குரல் உயர்ந்தது. நாளைக்குக் காலையில் ஸ்டேஷன் என்றார், நீங்களும் வந்து பதில் சொல்லுங்கள் என்றார். சத்தம் கேட்டு டீச்சர் எழுந்து ஹாலுக்கு வந்தார். வந்தவர் எங்களைப் பார்க்கவில்லை. மகள் கை நீட்டிய திசையில், சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்தார்.

"மெதுவாப் பேசு ஜெபி" என்றார். "ராஜா தூங்குதாருல்லா."

"அம்மா, அது அசல் இல்ல. அசல் எங்கன்னுதான்..."

டீச்சர் காதில் வாங்கவில்லை. படத்துக்குக் கிட்டே போய், இருட்டுக் கதவில் நின்ற வெளுத்த சேலைக்காரியை விரலால் தொட்டார். "பாரு, அவரு பொண்டாட்டி நிக்கா. முந்தானையால வெளிச்சத்த மறச்சிக்கிட்டு நிக்கா. அவரு முழிச்சிறக் கூடாதுல்லா."

ஜெபிதா அந்த விரலைப் பார்த்தார். விரலுக்குக் கீழே இருந்த முகத்தைப் பார்த்தார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிய ஆரம்பித்த நேரத்தை நான் என் கண்ணால் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது.

"அம்மா, அது யாருன்னு தெரியலயா?" என்று கேட்டார். 

 டீச்சர் பார்வை மேலே ராஜாவின் முகத்துக்குப் போயிருந்தது. அப்போதுதான் அந்தக் கண்களைப் பார்த்தார். முகம் அப்படி மலர்ந்தது.

"ஏ, முழிச்சிட்டாரே" என்றார். "அன்னக்கிளி, எங்கட்டி போன? சார் முழிச்சிட்டாரு பாரு. காப்பி போடு."

 கேட் திறக்கிற சத்தம் கேட்டது.

"இந்தா போடுதேன் டீச்சர்" என்றபடி அன்னக்கிளி வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு எங்கள் யாரையும் பார்க்காமல் சமையலறைக்குப் போனாள்.  கொஞ்ச நேரம் கழித்து ஜெபிதாவும் உள்ளே போனார். "எத்தன நாளாக்கா?" என்று அவர் கேட்டது என் காதில் விழுந்தது. மிளகு டப்பா திறக்கிற சத்தம் விழுந்தது. அப்புறம் இரண்டு பேர் அழுகிற சத்தம். தெருவில் தறிச் சத்தம் ஓடிக்கொண்டிருந்ததால் டீச்சருக்கு அது கேட்டிருக்காது.

"நாளைக்கு ஸ்டேஷன்?" என்று அண்ணாச்சி சமையலறை வாசலில் நின்று மெதுவாகக் கேட்டார். உள்ளே இருந்து ஜெபிதா இல்லை என்று தலையாட்டினார். பெங்களூரா, இந்த வீடா என்று நாங்கள் கேட்கவில்லை. அதை அவர் அன்றைக்கு முடிவு செய்திருக்கவும் முடியாது.

நான் டீச்சரைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தேன். என் கையைத் தட்டிக்கொடுத்தார், நான் யார் என்று கேட்கவில்லை. பார்வை முழுக்க ராஜா மேல்தான். சமையலறையிலிருந்து அன்னக்கிளியின் குரல் வந்தது. எப்போதும் பேசுவது மாதிரிப் பேசப் பார்த்தாள்.

"டீச்சர், சாருக்குச் சீனி எவ்வளவு போடட்டும்?"

"சாருக்குச் சீனி கூடாதுல்லா" என்று கடிந்துகொண்டார் சுந்தரபாய் டீச்சர். "அதுக்குள்ள மறந்துட்டியாட்டி?"

"ஆமா டீச்சர்" என்றாள் அன்னக்கிளி. "மறந்துட்டேன்."